பிக் பிளாக் டிராக் காருக்கு கியரும் கன்வர்ட்டரும்: ஃபினிஷ் லைன்ல இருந்து பின்னாடி வாங்க

டிராக் (drag) ரேஸ்ல ஓட்டம் முடிச்சு திரும்பி வர்ற வழியில ஒரு சின்ன கூண்டு இருக்கும், அங்க வண்டிய நிறுத்தினா சூப்பர் மார்க்கெட் பில் மாதிரி ஒரு துண்டு சீட்டு கையில குடுப்பாங்க. டைம் ஸ்லிப்னு பேர். பச்சை லைட் விழுந்து எவ்ளோ நேரத்துல நீங்க கிளம்பினீங்கன்னு மேல ஒரு நம்பர் இருக்கும், அதுக்கு கீழ 60 அடி, 330 அடி, 660 அடி, 1000 அடி, கடைசியா 1320 அடி, ஒவ்வொண்ணையும் எத்தனை செகண்டுல தாண்டினீங்க, 660லயும் 1320லயும் என்ன வேகத்துல போனீங்க, அவ்ளோதான். புதுசா வர்றவங்க கடைசி நம்பர மட்டும் பாத்துட்டு மடிச்சு பாக்கெட்ல வச்சுடுவாங்க. அந்த சீட்டையும், எஞ்சின் நிமிஷத்துக்கு எத்தனை சுத்து சுத்துதுன்னு காட்டற ஆர்பிஎம் மீட்டரையும் சேத்து வச்சு படிச்சா கியர் சரியா இருக்கா, எஞ்சினுக்கும் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கும் நடுவுல இருக்கற டார்க் கன்வர்ட்டர் சரியா இருக்கான்னு புரிஞ்சுடும். அத எப்படி படிக்கறதுன்னு அடியில இருந்து சொல்றேன்.

டிராக் ரேஸ்னா கால் மைல், அதாவது 1320 அடி, நேர் ரோடு, நின்ன இடத்துல இருந்து கிளம்பி யார் முதல்ல கோட்ட தொடறாங்கன்னு போட்டி. அமெரிக்காவுல வாலி பார்க்ஸ் 1951ல என்எச்ஆர்ஏ அமைப்ப ஆரம்பிச்சு தெருவுல நடந்துட்டு இருந்தத ஒழுங்கான டிராக்குக்கு கொண்டு வந்தாரு. அங்க இன்னிக்கும் சாதாரண ஆளுங்க சொந்த காசுல கட்டி ஓட்டற வண்டிகள்ல பிக் பிளாக் நிறைய. பிக் பிளாக்னா பெரிய சைஸ் வி8 எஞ்சின். செவர்லேல 396, 427, 454, கிறைஸ்லர்ல 426 ஹெமி, 440, ஃபோர்டுல 429, 460, இந்த நம்பரெல்லாம் கன இன்ச்ல எஞ்சின் கொள்ளளவு. 454ன்னா நம்ம கணக்குல கிட்டத்தட்ட 7.4 லிட்டர். இதோட குணம் என்னன்னா டார்க், அதாவது முறுக்குற பலம், குறைஞ்ச ஆர்பிஎம்லயே கொட்டும், ஆனா 454ல பிஸ்டன் மேல இருந்து கீழ வரைக்கும் போற தூரம், அதாவது ஸ்ட்ரோக், 4 இன்ச், அதனால ரொம்ப சுத்த விட்டா பேரிங்கும் கனெக்டிங் ராடும் தாங்காது. இந்த ஒரு குணத்த மனசுல வச்சுக்கோங்க, பின்னாடி வர்ற எல்லா முடிவும் இதுல இருந்துதான் வருது.

இப்போ ஒரு வண்டிய கணக்குக்கு வச்சுப்போம். பழைய செவர்லே செவெல் சைஸ் கார், டிரைவரோட சேத்து 3400 பவுண்ட், அதாவது 1540 கிலோ. 454 எஞ்சின், 6400 ஆர்பிஎம்ல 600 குதிரைத்திறன், 4800 ஆர்பிஎம்ல உச்ச டார்க் 560 பவுண்ட்-அடி. பின்னாடி 28 இன்ச் உயர ஸ்லிக் டயர், அதாவது கோடு வெட்டு இல்லாத வழவழ ரேஸ் டயர். இந்த வண்டி கடைசி கோட்ட என்ன வேகத்துல தாண்டும்னு சொல்ல டிராக்குல ரொம்ப நாளா புழக்கத்துல இருக்கற ஒரு கணக்கு உண்டு, குதிரைத்திறன பவுண்ட் எடையால வகுத்து அதுக்கு கன மூலம் எடுத்து 234ஆல பெருக்கினா மணிக்கு எத்தனை மைல்ங்கற வேகம் வந்துடும். போட்டுப் பாத்தா 131. நாம 130ன்னு வச்சுக்கலாம், கிலோமீட்டர்ல 209.

பெரும்பாலான பேர் பண்ற தப்பு எங்கன்னா, எடுத்த எடுப்புலயே "கிளம்பறப்போ பிச்சுக்கிட்டு கிளம்பணும்"னு யோசிச்சு கியர வாங்கிடறாங்க. ஸ்மால் பிளாக், அதாவது சின்ன சைஸ் வி8, வச்சிருக்கற பக்கத்து வண்டிக்காரர் 4.88 போட்டிருக்காரா, நாமும் போடுவோம்னு. நான் சொல்றது அதுக்கு நேர் எதிர், முதல்ல ஃபினிஷ் லைன்ல எஞ்சின் என்ன ஆர்பிஎம்ல இருக்கணும்னு முடிவு பண்ணுங்க, கியர் அங்கதான் தீர்மானம் ஆகுது, அப்புறம் ஸ்டார்ட்டுக்கு வந்து கன்வர்ட்டர முடிவு பண்ணுங்க. இந்த வரிசை மாறினா காசு ரெண்டு தடவை செலவாகும்.

கியர்னு இங்க சொல்றது பின் ஆக்ஸில்ல இருக்கற கிரவுன் பினியன்ங்கற பல் சக்கர ஜோடியோட விகிதம். 4.10ன்னா கியர்பாக்ஸ்ல இருந்து பின் ஆக்ஸிலுக்கு வர்ற ப்ரொப்பல்லர் ஷாஃப்ட் 4.1 தடவை சுத்தினா சக்கரம் ஒரு தடவை சுத்தும். கியர் சைக்கிள் ஓட்டினவங்களுக்கு இது தெரிஞ்ச விஷயம்தான், மேடு ஏறும்போது லேசான கியர்ல போட்டா மிதிக்கறது சுலபம், ஆனா கால் கடகடன்னு சுத்தும், வேகம் வராது. நம்பர் பெருசாக பெருசாக இழுவை ஜாஸ்தி, அதே வேகத்துக்கு எஞ்சின் ஜாஸ்தி சுத்தணும்.

கணக்கு இதுதான், மைல் வேகம் பெருக்கல் கியர் விகிதம் பெருக்கல் 336, அத டயர் உயரத்தால வகுக்கணும், உயரம் இன்ச்ல. டாப் கியர் 1.00ன்னு வச்சுக்கறோம். நம்ம வண்டிக்கு 130 பெருக்கல் 4.10 பெருக்கல் 336 வகுத்தல் 28, வர்றது 6396. ஆனா நடுவுல கன்வர்ட்டர்னு ஒண்ணு எண்ணெய் வழியா இழுத்துட்டு இருக்கு, அது கொஞ்சம் வழுக்கும், அதனால எஞ்சின் இதவிட வேகமாத்தான் சுத்திட்டு இருக்கும். நல்ல கன்வர்ட்டர் 6 சதவீதம் வழுக்குதுன்னு வச்சா 6396ஐ 0.94ஆல வகுங்க, 6800. எஞ்சினோட உச்ச குதிரைத்திறன் 6400ல. கோட்ட தாண்டும்போது உச்சத்த ஒரு 200ல இருந்து 400 வரைக்கும் தாண்டி இருக்கறதுதான் நல்லதுன்னு பொதுவா சொல்வாங்க, ஏன்னா கடைசி 300 அடி முழுக்க எஞ்சின் தன்னோட உச்சத்துக்கு ரெண்டு பக்கமும் சுத்திட்டு இருக்கும். ஆக 4.10 இந்த வண்டிக்கு பொருந்துது. அதே இடத்துல 4.88 போட்டா? 8100 ஆர்பிஎம். 4 இன்ச் ஸ்ட்ரோக் எஞ்சின அந்த ஆர்பிஎம்ல ஓட்டறதுக்குன்னே கட்டலன்னா அது வெடிக்கற வழி, அதுக்கு முன்னாடியே, அளவுக்கு மேல சுத்தாம தடுக்கற ரெவ் லிமிட்டர் வெட்டி கடைசி இருநூறு முந்நூறு அடி வண்டி இருமிக்கிட்டே போகும். 3.73 போட்டா 6190, எஞ்சின் உச்சத்துக்கு வர்றதுக்கு முன்னாடியே ரோடு முடிஞ்சுடும்.

டயர் விஷயத்துல ஒரு எச்சரிக்கை. பக்கத்துல 28ன்னு அச்சடிச்சிருக்கறத நம்பாதீங்க. ரேஸ்ல ஓட்டற அதே காத்தழுத்தத்துல வச்சு, டயர்ல தரைய தொடற இடத்துல சாக்பீஸ்ல ஒரு கோடு, தரையிலயும் ஒரு கோடு, வண்டிய மெதுவா தள்ளி டயர் சரியா ஒரு சுத்து சுத்தி அந்த கோடு மறுபடி கீழ வந்ததும் தரையில இன்னொரு கோடு, நடுவுல இருக்கற தூரத்த டேப்ல அளங்க. 88 இன்ச் வந்தா 3.1416ஆல வகுத்து 28. ரெண்டு நிமிஷ வேலை, ஆனா இதப் பண்ணாம போட்ட கணக்கெல்லாம் காத்துல கட்டின வீடு. இன்னொண்ணு, ஸ்லிக் டயர் வேகத்துல உப்பும், குறிப்பா உள்ள இழைகள் குறுக்கும் மறுக்குமா போற பயாஸ் பிளை டயர், அதனால கோட்டுல உண்மையான உயரம் இன்னும் ஜாஸ்தி இருக்கும், எஞ்சின் ஆர்பிஎம் கொஞ்சம் குறையும். டயர மாத்தினாலே கியர மாத்தின மாதிரிதான்னும் ஞாபகம் வச்சுக்கோங்க, 28 இன்ச்ச கழட்டிட்டு 30 இன்ச் போட்டா உங்க 4.10 நடப்புல 3.83 ஆயிடுது.

கியர் முடிஞ்சது, இப்போ கன்வர்ட்டர்.

ரெண்டு டேபிள் ஃபேன எதிர் எதிரா வைங்க, ஒண்ண மட்டும் ஸ்விட்ச் போடுங்க, காத்து பட்டு இன்னொண்ணும் மெதுவா சுத்த ஆரம்பிக்கும். டார்க் கன்வர்ட்டர் அதேதான், காத்துக்கு பதிலா ஆயில், ரெண்டு ஃபேனும் ஒரே டப்பாவுக்குள்ள. எஞ்சினோட சேந்து சுத்தறது இம்பெல்லர், கியர்பாக்ஸுக்கு போறது டர்பைன். இதோட மட்டும் நின்னா அது வெறும் ஆயில் க்ளட்ச். நடுவுல ஸ்டேட்டர்னு மூணாவதா ஒண்ணு உக்காந்திருக்கு, விஷயமே அதுலதான். டர்பைன்ல மோதி திரும்பி வர்ற ஆயில் இம்பெல்லருக்கு எதிர்த்திசையில அடிக்கும், ஸ்டேட்டர் அத மடக்கி இம்பெல்லர் சுத்தற திசைக்கே திருப்பி விடும், அதனால எஞ்சின் குடுத்த டார்க்க விட டர்பைனுக்கு ஜாஸ்தியா போகும். வண்டி அசையாம நிக்கறப்போ இந்த பெருக்கம் சுமார் 2 மடங்கு, வண்டி வேகம் எடுக்க எடுக்க குறைஞ்சு 1க்கு வந்துடும். அப்போ ஸ்டேட்டர் குறுக்க நிக்கக்கூடாது இல்லையா, அதனால அதுக்குள்ள ஒரு பக்கம் மட்டும் சுத்தற க்ளட்ச் இருக்கு, சைக்கிள் ஃப்ரீவீல் மாதிரி, வேலை முடிஞ்சதும் ஸ்டேட்டரும் கூடவே சுத்த ஆரம்பிச்சுடும்.

இப்போ ஸ்டால்ங்கற வார்த்தை. டர்பைன அசைய விடாம பிடிச்சுக்கிட்டு ஆக்ஸிலரேட்டர முழுசா மிதிச்சா எஞ்சின் ஒரு ஆர்பிஎம் வரைக்கும் ஏறி அதுக்கு மேல ஏற முடியாம நின்னுடும், அதான் ஸ்டால் ஸ்பீடு. வீட்டு உபயோக வண்டியில கன்வர்ட்டர் 12, 13 இன்ச் விட்டம் இருக்கும், ஸ்டால் 2000 பக்கம். ரேஸுக்கு 10, 9, 8 இன்ச்னு சின்னதாகும், சின்னதாக சின்னதாக ஸ்டால் ஏறும். விட்டத்தோட நிக்கல, உள்ள பிளேடு எந்த கோணத்துல இருக்கு, ஸ்டேட்டர் எப்படின்னு பொறுத்தும் மாறும்.

புதுசா வர்றவங்க கட்டாயம் புரிஞ்சுக்க வேண்டிய விஷயம், ஸ்டால் நம்பர் கன்வர்ட்டருக்கு மட்டும் சொந்தம் கிடையாது, எஞ்சினுக்கும் சேத்துதான். டார்க் ஏறினா அதோட வர்க்க மூலத்துக்கு ஏத்த மாதிரி ஸ்டாலும் ஏறும். 400 பவுண்ட்-அடி குடுக்கற ஸ்மால் பிளாக்குக்கு பின்னாடி 4000ல நின்ன கன்வர்ட்டர், 600 குடுக்கற பிக் பிளாக்குக்கு பின்னாடி 4900ல போய் நிக்கும். பெட்டி மேல 4000னு எழுதியிருந்துச்சுன்னு வாங்கிட்டு வந்து மாட்டினா நீங்க நினைச்ச வண்டி வராது. அதனாலதான் நல்லா கன்வர்ட்டர் கட்டறவங்க எஞ்சின் விவரம் முழுசா கேக்காம எதுவும் சொல்ல மாட்டாங்க, அப்படி கேக்காம ஒரு நம்பர் சொல்லி விக்கறவங்ககிட்ட நான் வாங்க மாட்டேன்.

சரி, நம்ம வண்டிக்கு எவ்ளோ ஸ்டால் வேணும்? கிளம்பறப்போ எஞ்சின் உச்ச டார்க் இருக்கற இடத்துலயோ அதுக்கு கொஞ்சம் மேலயோ போய் நிக்கணும், அப்போதான் முதல் அடியில இருந்தே முழு பலமும் சக்கரத்துக்கு போகும். உச்ச டார்க் 4800ல, அதனால 5000ல இருந்து 5300. ஆனா இத ஸ்டார்ட்ட மட்டும் வச்சு முடிவு பண்ணக்கூடாது, கியர் மாறற இடத்தையும் பாக்கணும், கியர்பாக்ஸ் அங்கதான் கதைக்குள்ள வருது.

டிராக்குல ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்ல அதிகம் அடிபடற பேர் ரெண்டு. ஒண்ணு டர்போ 400, மூணு கியர், 2.48, 1.48, 1.00. இன்னொண்ணு பவர்கிளைடு, ரெண்டே கியர், 1.76ம் 1.00ம், சில பாக்ஸ்ல முதல் கியர் 1.82. பவர்கிளைடு 1950ல செவர்லே குடும்ப காருக்காக வந்தது, 1973ல நிறுத்திட்டாங்க, ஆனா இன்னிக்கும் ரேஸுக்காக வேற கம்பெனிங்க அத புதுசா வார்த்து செய்யறாங்க. ரெண்டு கியர் பாக்ஸ எதுக்கு இவ்ளோ விரும்பறாங்கன்னு ஒரு சின்ன கணக்குல காட்டறேன். 560 பவுண்ட்-அடி, கன்வர்ட்டர் 2 மடங்கு, டர்போ 400 முதல் கியர் 2.48, பின்னாடி 4.10, எல்லாத்தையும் பெருக்கினா ஆக்ஸில்ல 11,400 பவுண்ட்-அடி. டயர் ஆரம் 14 இன்ச், அதனால ரோட்ட தள்ற விசை 9700 பவுண்டுக்கு மேல. வண்டி எடையே 3400 தான்! அவ்ளோத்தையும் அந்த டயர் பிடிச்சுக்காது, புகை விட்டு வழுக்கும். அதே வண்டியில பவர்கிளைடுன்னா 6900 பக்கம், அதுலயும் நடுவுல கொஞ்சம் உராய்வுல போயிடும். 60 அடிய 1.45 செகண்டுல தாண்டற வண்டிக்கு சராசரியா தேவைப்படற விசை 6000 பவுண்ட் அளவுக்கு வருது. ஆக நல்ல டிராக்கும் நல்ல ஸ்லிக்கும் இருந்தா பவர்கிளைடு குடுக்கறது டயர் தாங்கற அளவுக்கு கிட்ட வருது, டர்போ 400 குடுக்கறது வீணாப் போகுது. பிக் பிளாக்குக்கு டார்க் ஏற்கனவே மிச்சம் இருக்கு, அத இன்னும் பெருக்கி என்ன பண்றது. அதே டர்போ 400, வண்டி 4000 பவுண்ட் மேல கனமா இருந்தாலோ எஞ்சின் கொஞ்சம் மிதமா இருந்தாலோ நல்ல தேர்வு, அதுல எனக்கு சந்தேகம் இல்ல.

ஆனா பவர்கிளைடுல ஒரு பெரிய பள்ளம் இருக்கு. 6800ல கியர் மாத்தறீங்க, 1.76ல இருந்து 1.00க்கு போகுது, வெறும் பல் கணக்குல எஞ்சின் 3860க்கு விழணும். அங்க விழுந்தா பிக் பிளாக்கா இருந்தாலும் மூச்சு வாங்கும். அப்போ பிடிச்சுக்கறது கன்வர்ட்டர்தான், அது மறுபடி வழுக்கி எஞ்சின 5200 பக்கத்துல தூக்கி வச்சுக்கும், வண்டி வேகம் ஏறி மேல வர்ற வரைக்கும் எஞ்சின் அங்கயே நின்னு தள்ளும். அதனால பவர்கிளைடு போட்டா கன்வர்ட்டர் சரியா இருக்கறது ரெண்டு மடங்கு முக்கியம். டர்போ 400ல அதே 6800ல ரெண்டாவதுக்கு போனா 4060, மூணாவதுக்கு போனா 4600, அங்க அவ்ளோ ஆழம் இல்ல. கியர் மாறினதும் ஆர்பிஎம் எங்க வந்து நிக்குதுன்னு எழுதி வைங்க, அது உச்ச டார்க்குக்கு கீழ போனா ஸ்டால் பத்தல.

இப்போ சீட்ட கையில எடுங்க.

ஸ்டார்ட்டிங் லைன்ல நிக்கறீங்க, டிரான்ஸ்பிரேக் பட்டன அமுக்கியிருக்கீங்க, அது கியர்பாக்ஸ்ல ஃபர்ஸ்ட்டையும் ரிவர்ஸையும் ஒரே நேரத்துல பிடிக்க வச்சு வண்டிய பூட்டி வைக்கும், முழு ஆக்ஸிலரேட்டர், எஞ்சின் 5100ல நின்னு உறுமுது, பச்சைக்கு முன்னாடி வர்ற கடைசி மஞ்சள் லைட் எரியுது, விரல எடுக்கறீங்க. முதல் ஒரு செகண்ட்ல முள் என்ன பண்ணுதுன்னு ஓட்டற அவசரத்துல கண்ணுல படாது, அதனால பதிவு பண்ற டேக்கோமீட்டர் இல்லன்னா டேட்டா லாகர் கண்டிப்பா வேணும், அதுவும் முடியலன்னா மீட்டர பாத்த மாதிரி ஒரு கேமராவ மாட்டிடுங்க. விரல் எடுத்ததும் முள் 5100ல இருந்து 4300க்கு சரிஞ்சு மெதுவா ஏறுது, டயர் வழுக்கல, 60 அடி நேரமும் மோசம்னா கன்வர்ட்டர் டைட், அதாவது வழுக்கல் பத்தல, எஞ்சின அமுக்குது. முள் நேரா 6000 தாண்டி போய் அங்கயே கிடக்குது, கியர் மாத்தினாலும் கீழ இறங்கல, 60 அடி நல்லா இருக்கு ஆனா கடைசியில வேகம் 130க்கு பதிலா 126னா கன்வர்ட்டர் லூஸ், அதாவது ரொம்ப வழுக்குது. ஆனா அவசரப்படாதீங்க, முள் மேல போனது டயர் வழுக்கினதால கூட இருக்கலாம், ரெண்டும் மீட்டர்ல ஒரே மாதிரிதான் தெரியும். ப்ரொப்பல்லர் ஷாஃப்ட்ல ஒரு சென்சார் இருந்தா பிரிச்சு சொல்லிடலாம், ஷாஃப்ட் வேகமும் சேந்து எகிறினா டயர், எஞ்சின் மட்டும் எகிறினா கன்வர்ட்டர். இத பிரிக்காம நல்ல கன்வர்ட்டர கழட்டி அனுப்பறது ரொம்ப சகஜமா நடக்குது.

லூஸா டைட்டான்னு நம்பரா சொல்லணும்னா கோட்டுல வழுக்கல் எவ்ளோன்னு கண்டுபிடிங்க. சீட்டுல 130, கணக்குப்படி 6396, மீட்டர்ல பதிவானது 6800, வித்தியாசம் 404, அத 6800ஆல வகுத்தா 6 சதவீதம் கிட்ட. நல்ல ரேஸ் கன்வர்ட்டர் 4ல இருந்து 7க்குள்ள இருக்கும், 10ஐ தாண்டினா வேகத்த தின்னுது. தின்னது எங்க போகும், எல்லாம் சூடா போகும். 600 குதிரைத்திறன்ல 6 சதவீதம் 36 குதிரைத்திறன், அது 27 கிலோவாட், வீட்டுல இருக்கற 1000 வாட் அயன்பாக்ஸ் 27ஐ ஒண்ணா அந்த ஆயிலுக்குள்ள போட்ட மாதிரி. டிரான்ஸ்பிரேக்ல நிக்கறப்போ சக்கரத்துக்கு ஒண்ணுமே போகாது, எஞ்சின் குடுக்கறது முழுக்க சூடு, அதனால ஸ்டால் டெஸ்ட் பண்றேன்னு மூணு நாலு செகண்டுக்கு மேல பிடிச்சு நிக்காதீங்க, நல்ல கூலர் போடுங்க, ரெண்டு ஓட்டத்துக்கு நடுவுல ஆயில் ஆற விடுங்க.

ஒரு நேரத்துல ஒண்ண மட்டும் மாத்துங்க. கியர், கன்வர்ட்டர், டயர் மூணையும் ஒரே வாரத்துல மாத்திட்டு வந்தா சீட்டு எதையும் சொல்லித் தராது. கியர மாத்தறது ஃபோர்டு 9 இன்ச் ஆக்ஸில் இருந்தா சுலபம், நடு பாகம் மொத்தமா முன்னாடி பக்கமா கழண்டு வந்துடும், இன்னொரு விகிதத்துல ரெடியா வச்சிருந்தத மாட்டிட்டு போயிட்டே இருக்கலாம். செவர்லே 12 போல்ட், டானா 60 மாதிரி ஆக்ஸில்ல ஹவுசிங்குக்குள்ளயே கிரவுன் பினியன செட் பண்ணணும், கை தேர்ந்த ஆள் வேணும்.

அப்புறம் ஊர். அமெரிக்காவுல டென்வர் பக்கத்துல பண்டிமியர்னு ஒரு டிராக் 2023 வரைக்கும் ஓடுச்சு, கடல் மட்டத்துல இருந்து 5800 அடிக்கு மேல. அவ்ளோ உயரத்துல காத்தோட அடர்த்தி 16 சதவீதம் கிட்ட குறையும், காத்த அமுக்கி உள்ள தள்ற சூப்பர்சார்ஜர் இல்லாத எஞ்சினோட டார்க்கும் கிட்டத்தட்ட அவ்ளோ குறையும், வர்க்க மூல கணக்குப்படி கடல் மட்டத்துல 5200ல நின்ன கன்வர்ட்டர் அங்க 4800 பக்கம்தான் நிக்கும். வண்டிய யாரும் தொடவே இல்ல, ஆனா டைட் ஆயிடுச்சு. கோட்டுல வேகமும் குறையறதால ஆர்பிஎம்மும் குறையும், அங்க ஓட்டினவங்க இன்னும் பெரிய நம்பர் கியர் போட்டதுக்கு காரணம் அதுதான். வெயில் உச்சியில இருக்கற மதியத்துக்கும் குளிர்ந்த ராத்திரிக்கும் நடுவுலயே இது சின்ன அளவுல நடக்கும், அதனால சீட்டோட பின் பக்கம் அன்னிக்கு வெப்பம், காத்தழுத்தம், ஈரப்பதம் மூணையும் எழுதி வைங்க.

கன்வர்ட்டர் கட்டறவங்ககிட்ட பேசும்போது கையில இருக்க வேண்டியது இதெல்லாம்: டிரைவரோட சேத்து வண்டி எடை, எஞ்சின் பலத்த அளக்கற டைனோ மெஷின்ல வந்த டார்க்கும் குதிரைத்திறனும் எந்த ஆர்பிஎம்ல உச்சம்ங்கறதோட, கியர்பாக்ஸ் என்ன, முதல் கியர் விகிதம் என்ன, பின் கியர், நீங்களே டேப் வச்சு அளந்த டயர் உயரம், டிரான்ஸ்பிரேக்கா கால் பிரேக்கா, எந்த உயரத்துல இருக்கற டிராக்குல அதிகம் ஓட்டுவீங்க. குதிரைத்திறன மட்டும் கொஞ்சம் ஏத்தி சொல்லாதீங்க, 600ஐ 680ன்னு சொன்னா அவங்க 680க்கு ஏத்த மாதிரி டைட்டா கட்டிடுவாங்க, உங்க வண்டி லைன்ல மூச்சு முட்டி நிக்கும். மாட்டினதும் ஒரே டிராக்குல அஞ்சாறு ஓட்டம் ஓட்டி, சீட்டும் ஆர்பிஎம் பதிவும் அப்படியே அவங்களுக்கு அனுப்புங்க. பெரும்பாலும் முதல் தடவையிலயே கச்சிதமா வந்துடாது, கழட்டி அனுப்பினா டப்பாவ வெட்டி திறந்து ஸ்டேட்டரையோ பிளேடு கோணத்தையோ மாத்தி 200, 300 ஆர்பிஎம் ஏத்தியோ இறக்கியோ திருப்பி வெல்டு பண்ணி அனுப்புவாங்க, அந்த ஒரு மாத்தத்துக்கான காசையும் நாளையும் ஆரம்பத்துலயே கணக்குல சேத்து வச்சுக்கோங்க.